ஆட்டுனா நிக்கும்

…அதான் வாயவே தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாளே, தொறக்கல, நான் பாட்டுக்கு இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஜெபமாலைய உருட்டிக்கிட்டு இருக்கேன், மூணு நிமிசம், மூணே மூணு நிமிசம், பிசியோதெரபி பாக்க வார அழகுபாண்டித் தம்பி செல்லுல ஸ்டாப்வாட்ச எடுத்து வச்சுக்கிட்டு "ரெடியா சார்?"ங்குறான், ரெடியாம், இந்த மூணு வருசத்துல இவரு எதுக்கு ரெடியா இருந்தாரு, ஸ்ட்ரோக்கு வந்து வலது கையும் போயி வலது காலும் போயி பேச்சும் போயி "ம்ம்"ன்னு ஒரு சத்தம் மட்டும் மிச்சம், அந்த "ம்ம்"ம வச்சு நான்தான் கண்டுபிடிக்கணும், தண்ணியா, ஒண்ணுக்கா, ஃபேனா, இல்ல என்னையப் பாத்தாலே வருமே ஒரு வெறுப்பு, அந்த "ம்ம்"மான்னு. இம்மானுவேல் சார். ஆரப்பாளையத்துல பஸ் ஸ்டாண்டுல எறங்கி பிசிக்ஸ் சார் வீடு எதுன்னா இன்னைக்கும் டீக்கடையில கைய நீட்டிக் காமிப்பாங்க. நானும் சாருன்னுதான் கூப்பிடுறேன். கல்யாணத்துக்கு முந்தி ஒரே ஸ்கூல்ல நான் ஆபீஸ் கிளார்க்கு, அவரு பிசிக்ஸ் வாத்தியாரு, அப்ப கூப்பிட்டது, நாப்பத்தோரு வருசமாச்சு, வாயில இருந்து எறங்கல. இந்தா, சுவத்துல அடிச்ச கம்பியில இடது கைய வச்சு நிப்பாட்டியாச்சு. பின்னாடி மெத்தைய விரிச்சுப் போட்டிருக்கு. மக ஷெரினு முதல் ரெண்டு பீரியடுக்கு பெர்மிஷன் போட்டுட்டு வந்து கதவுகிட்ட கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா, அவளும் டீச்சருதான், பரீட்சை ஹால்ல சூப்பர்வைசரு நிக்கிற மாதிரியே நிப்பா. "கம்பியில கை வச்சுக்கலாம் சார், சாய மட்டும் கூடாது, மூணு நிமிசம், அம்புட்டுதான்"ங்குறான் தம்பி. ஒத்த ஆளா ஒரு பொம்பள இவருக்குத் தொடச்சு விட்டு வேட்டி மாத்தணும்னா மூணு நிமிசமாவது சொந்தக் கால்ல நிக்கணுமாம். நின்னுட்டா வீடு. நிக்கலைன்னா அழகர்கோவில் ரோட்டுல சிஸ்டருங்க நடத்துற ஹோமு. பெட்டு ஒண்ணு காலியா இருக்காம், பத்தரை மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணுமாம்.

ஆரம்பிச்சாச்சு. பத்து செகண்டு. நல்லா நிக்கிறாரு, இப்ப நிப்பாரு, மொத அரை நிமிசம் எப்பவும் நிப்பாரு... ஷெரினு என்னையத்தான் பாக்குறா, அவரப் பாக்கல, வாயத் தொறந்துருவேனோன்னு. காலையில வந்ததும் வராததுமா, "அம்மா, ஒன்னைய கையெடுத்துக் கும்புடுறேன், அந்த மூணு நிமிசம் மட்டும் அப்பாவ ஒண்ணும் சொல்லிறாத"ங்குறா. நான் எதுக்குடி சொல்லப்போறேன், நான்தான் விட்டுட்டேனே. விபூதிப் புதன் அன்னைக்கு கோயில்ல ஃபாதர் ஆளுக்கொரு சீட்டு குடுத்தாரு, தவக்காலம் நாப்பது நாளைக்கு எதை ஒறுத்தல் பண்ணப்போறீங்கன்னு எழுதி பீடத்துக்கு முன்னாடி இருக்கிற பெட்டியில போடுங்கன்னு. பக்கத்துல உக்காந்திருந்தவ டீ-ன்னு எழுதுனா, அவளுக்கு சுகரு, டாக்டரே விடச் சொன்னதுதான், அதையே சாமிக்கும் எழுதிட்டா. சில பேரு கறி, சில பேரு சீரியலு. நான் என்ன எழுதுறதுன்னு யோசிக்கையில ஷெரினு என் தோள் வழியா எட்டிப் பாத்து, "வாயின்னு எழுதும்மா, அப்பாவ வையிறத விடு, இந்த ஒரு வருசமாச்சும்"ன்னா. அவ சும்மா குத்திக் காமிக்கத்தான் சொன்னா. எனக்கு ரோசம் வந்துருச்சு. எழுதிட்டேன். "சாரை வையமாட்டேன்." கையெழுத்து வேற போட்டேன், கிளார்க்கு புத்தி, கையெழுத்து இல்லாம பேப்பர் நகராதுல்ல. அன்னையில இருந்து இருவத்தி மூணு நாளு. ஒரு சொல்லு வையல. "ராசா எந்திரிங்க, சாமி சாப்புடுங்க, மெதுவா, பயப்படாதீங்க." தெருவே மூக்குல விரல வச்சுருச்சு. ஆனிமேரி அம்மா எம்புட்டு மாறிட்டாங்க பாருன்னு தெருவுல வீட்டுக்கு வீடு ஜெபம் பண்ற அன்பியக் கூட்டத்துல பேசிக்கிட்டாங்களாம்.

இருவத்தி மூணு நாள்ல அஞ்சு தடவ விழுந்துட்டாரு.

முப்பது செகண்டுங்குறான் தம்பி. "சூப்பர் சார், அப்பிடியே." தம்பி உசிலம்பட்டிப் பக்கம், தங்கமான பையன், ஆனா எல்லாத்துக்கும் சூப்பர், எச்சி முழுங்குனாலும் சூப்பர்... மொத தடவ விழுந்தது விபூதிப் புதனுக்கு அடுத்து மூணாம் நாளு, சனிக்கிழமை காலையில, குளிப்பாட்டி முடிச்சு, கம்பியப் பிடிக்க வச்சு நிப்பாட்டி, துண்டை எடுக்கத் திரும்புறேன், தொப்புன்னு சத்தம். அதுக்கு முந்தி ரெண்டரை வருசமா அதே எடத்துல அதே மாதிரி நிப்பாட்டித்தான் தொடச்சு விடுவேன், விழுந்ததே இல்ல. ஈரத்துல வழுக்கிருச்சுன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ ஈரமில்ல. மூணாந்தடவதான் எனக்குப் புரிஞ்சுச்சு, அதுவும் எப்பிடின்னா, அவரு காலப் பாத்துக்கிட்டே இருந்தேன், அந்த நல்ல காலு, இடது காலு, அதுல இருக்கிற துடிப்பு இல்ல. நான் வையிற காலத்துல அந்தக் காலு துடிச்சுக்கிட்டே கெடக்கும், கெண்டச்சதை விண்ணு விண்ணுன்னு, பெருவெரலு தரையக் கவ்வும், மூக்கு வெடைக்கும், தலை குத்துக்கல்லா நிக்கும். கோவம். எனக்குப் பதில் சொல்ல வாயில்லாத கோவம் அம்புட்டும் காலுக்கு எறங்கி அவர நிப்பாட்டி வச்சிருந்திருக்கு. நான் ராசான்னு சொன்னதும் அந்தச் சதை சோறு கொழைஞ்ச மாதிரி கொழைஞ்சு போச்சு. அன்பாப் பேசுனா ஆளு எறங்கிருறாரு. இத யாருகிட்டப் போயி சொல்ல? பாவசங்கீர்த்தனத் தொட்டியில மண்டி போட்டு, "சாமி, பாவியா இருக்கிற எனக்கு ஆசீர் தாங்க, இருவத்தி மூணு நாளா எம்புருசன நான் வையவே இல்ல"ன்னா? ஃபாதரு என்னைய எழுப்பி விட்டு கையப் பிடிச்சுப் பாராட்டுவாரு. இப்பிடி ஒரு பாவத்துக்குப் பத்துக் கட்டளையில எந்த நம்பருல எடம் இருக்கு? நாலாந்தடவ விழுறப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சே, "நல்லா நிக்கிறீங்க ராசா"ன்னேன். சொல்லிட்டு ஒன்னு ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்ணுனேன். பதினேழு வந்துச்சு. விழுந்தாரு.

இதெல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததுதான... சொல்லிக் குடுத்தாரா, எங்க குடுத்தாரு, அவரு ஊருக்குச் சொன்னத நான் ஓரமா நின்னு கேட்டது. வருசா வருசம் ஸ்கூல் எக்ஸிபிஷன்ல சாரோட அயிட்டம் அதுதான், தலைகீழ் பெண்டுலம். அவனியாபுரத்துல மர வேலை பட்டறை வச்சிருந்த மொக்கைச்சாமிகிட்ட இருந்து ஜிக்சா மிஷின எரவல் வாங்கியாருவாரு, பலகைய வளைச்சு வளைச்சு அறுக்குறதுக்கு கையில பிடிக்கிற மிஷினு, பிளேடு மேலயும் கீழயும் விர்ருன்னு போயி போயி வரும். அந்தப் பிளேட்டு நுனியில ஒரு சாண் இரும்பு ஸ்கேல ஓட்டை போட்டு லொடலொடன்னு மாட்டி விட்டுருவாரு. மிஷினக் கவுத்துப் பிடிச்சா பிளேடு வானத்தப் பாக்கும், ஸ்கேலு ஒரு பக்கமா தொங்கிரும், நிப்பாட்டி நிப்பாட்டி விட்டாலும் தொங்கிரும், புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். "சார் நிக்காது சார்!" "நிக்காதா?" சுவிட்சப் போடுவாரு. விர்ர்ர்... ஸ்கேலு எந்திரிச்சு நட்டுக்குத்தலா நிக்கும், ஒருத்தரும் பிடிக்கல, மேல ஒரு நூலும் இல்ல, வெரலால ஒரு தட்டு தட்டுனா வளைஞ்சு குடுத்துட்டுத் திரும்ப வந்து நிமுந்துக்கிரும். "மந்திரம் சார்!"னு ஒருத்தன் கத்துவான். "மந்திரமில்லடா மடையா. அது ஒவ்வொரு நொடியும் விழத்தான் பாக்குது. விழுந்து முடிக்கிறதுக்கு நம்ம நேரம் குடுக்கல, அம்புட்டுதான். கீழ ஆட்டிக்கிட்டே இருக்கிற வரைக்கும் மேல விழாது." அப்புறம் ஒண்ணு சொல்லுவாரு, அதுதான் எனக்கு மண்டையில ஏறி உக்காந்துருச்சு, தொடப்பத்த உள்ளங்கையில நிறுத்தி வெளையாடுறீங்கள்ல, அது வேற, அதுக்கு கண்ணு வேணும், எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துப் பாத்து கைய நகத்தணும். இதுக்குக் கண்ணே வேணாம். இந்த மிஷினுக்கு ஸ்கேலு இருக்கா இல்லையான்னு கூடத் தெரியாது, குருட்டுத்தனமா ஆட்டுது, அதுல இது நிக்குது. ஆனா வேகமா ஆட்டணும், சின்னதா ஆட்டணும். மெதுவா ஆட்டுனாலும் விழுந்துரும். மனுசன் நிக்கிறானே, அதுவே தலைகீழ் பெண்டுலம்தான், காலு அடியில, கனம் அம்புட்டும் மேல...

ஒரு நிமிசம். "ஒன் மினிட் சார், சூப்பர்." முட்டி லேசா ஆட ஆரம்பிக்குது. ஷெரினு ஒரு எட்டு முன்னாடி வாரா, "அப்பா, நல்லா நிக்கிறப்பா, பயப்படாதப்பா, நான் இருக்கேன்ல"ங்குறா. தொடப்பம் நிறுத்துற வேலை. கண்ணு ரெண்டும் அவரு மேல, எந்தப் பக்கம் சாயுறாருன்னு பாத்துப் பாத்து கைய நீட்டுறா, அவளுக்கு வேலை இல்லையா, புருசன் புள்ள இல்லையா, நாள் பூராவும் எந்தக் கண்ணு இப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்க முடியும்? நான் வாயப் பொத்துனாப்புல உக்காந்திருக்கேன். "அம்மா எதுவும் பேசாம இருக்குறதே பெரிய ஒத்துழைப்பு தம்பி"ன்னு வந்த ஒடனே அவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கா, அவனும் சிரிச்சுக்கிட்டே, "அம்மா நம்ம கட்சிதான்க்கா"ங்குறான்.

தொண்ணுத்தி எட்டுல நடந்ததா அது? ஆமா, ஷெரினுக்கு அப்ப ஏழு வயசு. கல்வி அதிகாரி எக்ஸிபிஷன் பாக்க வந்திருந்தாரு. மிஷினப் பிடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுருச்சு, சாரு ஆபீஸுக்கு ஆள் அனுப்பி என்னைய வரச் சொல்றாரு, "கை நடுங்காமப் பிடி, நான் சொல்ற வரைக்கும் சுவிட்ச விடாத"ன்னு. பிடிச்சேன். எம்புட்டுக் கனம் தெரியுமா அது, முழங்கை வரைக்கும் மரத்துப் போகும், பல்லெல்லாம் கடகடங்கும். ஸ்கேலு நிக்குது. அதிகாரி வாயப் பொளந்து பாக்குறாரு. சாருக்கு சந்தோசம் தலைக்கேறிருச்சு, என்னையக் காமிச்சு, "இதே மாதிரி மிஷினு எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார், என்ன, அதுக்கு ஆஃப் சுவிட்சு கிடையாது"ங்குறாரு. அதிகாரி சிரிச்சாரு. ஹெட்மாஸ்டர் சிரிச்சாரு. எனக்குக் கீழ வேலை பாக்குற பியூன் மலையம்மா, அவளும் சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டா. நான் வெரல எடுத்துட்டேன். அம்புட்டுதான் செஞ்சது. சுவிட்சுல இருந்து ஒரு வெரலு. ஸ்கேலு டங்குன்னு சாஞ்சு அதிகாரி கை மேலயே விழுந்துச்சு, இப்ப சிரிப்பு சாரு மேல. "ஆஃப் சுவிட்சு இருக்கு போலயே இம்மானுவேலு"ன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. அவரு மொகம் போன போக்கு... அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து பதினோரு மாசம் என்கிட்ட அவரு பேசல. கத்தல, அடிக்கல, ஒரு வார்த்தை தப்பா வரல. பேசல. அதுக்கு முந்தி பத்து நாளு, பதினஞ்சு நாளு பேசாம இருந்து பழக்கம்தான், ஆனா பதினோரு மாசம்! சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து, நான் எதுக்க நிக்கிறேன், ஏழு வயசுப் புள்ளையப் பாத்து, "ஷெரின், உப்பு இல்லைன்னு உங்கம்மாட்டச் சொல்லு"ங்குறாரு. புள்ள என் பக்கம் திரும்பி, "அம்மா, உப்பு இல்லையாம்." எங்கம்மா செத்துப்போன தந்தி வந்த அன்னைக்குக் கூட, "உங்கம்மாவ பஸ் ஏத்தி விட ஆள் வருது, கெளம்பச் சொல்லு." நான் செவுத்தோட பேசுனேன், அடுப்போட பேசுனேன், ஸ்கூல் ஆபீஸ்ல டைப்ரைட்டரோட பேசுனேன், அப்பத்தான் எனக்கு வாய் இப்பிடி ஆச்சு, பொறக்கையிலயே யாரும் தொணதொணன்னு பொறக்கிறதில்ல. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல சொல்லு சொமந்த அந்தப் புள்ளைக்கு, சத்தம் போடாத அப்பா நல்லவராத் தெரிஞ்சிருக்காரு. சத்தம் போடுற அம்மாதான் பேயி.

ஒண்ணே முக்காலு. "ஒன் ஃபார்ட்டி ஃபைவ் சார், இன்னும் கொஞ்சந்தான்." காலு நடுங்குது, வேட்டி முனை ஆடுறது தெரியுது. வலது தோளு எறங்குது. எறங்கட்டும். அவருக்குப் பேச்சு போச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்ன அன்னைக்கு, ஷெரினு என்னையக் கட்டிப் பிடிச்சு அழுதா, நானும் அழுதேன், அழுகுறப்பவே உள்ளுக்குள்ள ஒருத்தி எந்திரிச்சு உக்காந்தா, இனி நீதான்டி பேசணும்னு. பேசுனேன். மூணு வருசமாப் பேசுனேன். மொதல்ல பெருசு பெருசாக் கத்துனேன், நாப்பது வருசத்த ஒரே மூச்சுல. அப்ப ஆளு தடுமாறி சாஞ்சுருவாரு. அப்புறம் அதுவா பழகிருச்சு எனக்கு, கத்தக் கூடாது, சின்னச் சின்னதா, நிறுத்தாம, "அந்தக் கால எடுத்து வையி, எங்க பாக்குற, எச்சியத் தொட, ஸ்கேலு நிப்பாட்டத் தெரிஞ்சுச்சுல்ல, நீ நில்லு பாப்போம், கல்வி அதிகாரி வந்திருக்காரு நில்லு, வேட்டிய இறுக்கு, ஷெரின், உப்பு இல்லைன்னு உங்கப்பாட்டச் சொல்லு"ன்னு, கை பாட்டுக்குத் தொடச்சு விடும், வாய் பாட்டுக்கு ஓடும், அவரு கண்ணு செவந்து நட்டுக்குத்தலா நிப்பாரு. எனக்கு அப்பல்லாம் இது அந்த மிஷினு வேலைதான்னு தெரியாது. நான் அவரப் பழி வாங்குறேன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டரை வருசமா அவரத் தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்திருக்கேன். குருட்டுத்தனமா. ஸ்கேலு இருக்கா இல்லையான்னே தெரியாத மிஷினு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் எடுத்த வெரல திரும்ப வைக்கல, அதுவும் சாமி பேரச் சொல்லி.

ஏன் அனுப்பணும்? எனக்கு அறுவத்தியாறு வயசு, இடுப்பு போச்சு, முட்டி போச்சு, அதெல்லாம் ஊருக்குச் சொல்ற காரணம். நெசத்தச் சொல்லணும்னா... அந்த ஹோம நான் போயி பாத்துட்டு வந்தேன். மாட்டுத்தாவணியில எறங்கி பஸ் மாறிப் போனேன், ஷெரினுக்குத் தெரியாது. சுத்தமா வச்சிருக்காங்க. வேப்பமரம், வெள்ளை பெட்டு, கேரளாச் சிஸ்டருங்க, அம்புட்டுப் பேரும் அன்பு. "அப்பச்சா, கஞ்சி குடிச்சோ?"ன்னு கன்னத்தத் தடவித் தடவிப் பேசுறாங்க. ஒரு ஆளு மேல ஒரு சத்தம் கெடையாது. பூராக் கெழவங்களும் படுத்துக் கெடக்காங்க. நிக்கிற ஆளு ஒருத்தர் இல்ல. வராண்டாவுல நின்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அந்த அன்புக்குள்ள இவரக் கொண்டு போயி விட்டா ஒரு மாசம், கூடிப்போனா ரெண்டு மாசம், காலு தரையில படாது. அது தெரிஞ்சுதான் ஷெரினுகிட்ட, "நீ சொல்றதும் சரிதான்டி, நமக்கு முடியல"ன்னு ஒரு கண்ணீரையும் விட்டுச் சொன்னேன். நான் தள்ளல. நான் ஒண்ணுமே செய்யல. ஒருத்தரும் என்னையக் கேக்க முடியாது. பதினோரு மாசம் அவர யாரு கேட்டா?

ரெண்டு நிமிசம். ரெண்டு அஞ்சு. தம்பி இப்ப சூப்பர் சொல்லல, இடுப்பு பெல்ட்டுக்குக் கிட்ட கையக் கொண்டு போறான். வாயில எச்சில் ஒழுகுது. இடுப்பு ஒடிஞ்சு பின்னாடி போகுது, தலை முன்னாடி வருது, ஷெரினு, "அப்பா, அப்பா, மெதுவாப்பா"ங்குறா, மெதுவாவாம், மெதுவா ஆட்டுனா விழுந்துரும்டி... பதினேழு எண்ணுனா முடிஞ்சுரும். எண்ணு ஆனிமேரி. ஒண்ணு. ரெண்டு. இன்னைக்கு மத்தியானம் இந்த வீட்டுல நான் மட்டும். கஞ்சி வைக்க வேணாம். மூணு. நாலு. ரசம் மட்டும் வச்சு சாப்பிட்டுட்டு ஃபேனப் போட்டுப் படுக்கலாம். அஞ்சு. அந்தக் கட்டில மடக்கி மாடிக்கு ஏத்திரலாம். ஆறு. அப்புறம்? ஏழு. உப்பு இருக்கான்னு கேக்க, உப்பு இல்லைன்னு "ம்ம்" பண்ண... எட்டு. யார வையிறது? செவுத்தயா? மறுபடியும் அடுப்பயா? ஒம்போது...

"என்னாய்யா அது நிப்பு?"

நான்தான். நான் சொல்லல, அதுவா வந்துருச்சு. ஷெரினு படக்குன்னு திரும்புறா. "அம்மா!" "இதுதான் நிப்பா? பிசிக்ஸ் சாராம் பிசிக்ஸ் சாரு, தெருவுக்கே பேரு, ஒரு மூணு நிமிசம் நிக்க வக்கில்ல, முட்டிய நீட்டு, எச்சியத் தொட, தொடைக்கக் கையில்லயா, அப்ப முழுங்கு, எங்க பாக்குற, இங்க பாரு, என்னையப் பாரு, தலைய நிமுத்து"ன்னு, கத்தல, சின்னக் குரல்ல, ஜெபமாலை சொல்ற வேகத்துல, மணி கைக்குள்ள ஓடுது, சொல்லு வாயில ஓடுது. "அம்மா, நிறுத்தும்மா!" எங்க நிறுத்த, நிறுத்துனா விழுந்துருவாருடி, ஒனக்குத் தெரியாது, "பெருவெரல ஊனு, கோவமா, வருதா கோவம், வரட்டும், பதினோரு மாசம் பேசாம இருந்தவருதான, இப்பப் பேசு பாப்போம், நில்லு, நிமுந்து நில்லு"... நிமுந்துட்டாரு! கெண்டச்சதை விண்ணுன்னு ஏறுது, இடுப்பு திரும்பி வருது, மூக்கு வெடைக்குது, தலை நட்டுக்குத்தலா நிக்குது, கம்பியில இருக்கிற வெரலு கூடத் தளந்து சும்மா தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கு. தம்பி வாயப் பொளந்து பாக்குறான். "டூ தர்ட்டி... என்னம்மா இது, சூப்பரா நிக்கிறாரு! டூ ஃபார்ட்டி." எனக்குக் கண்ணுல தண்ணி வருது, வாய் நிக்கல, "அப்பிடித்தான், நில்லுயா, எங்கயும் போக வேணாம், படுத்துக் கெடக்க வேணாம், ஒனக்கு நான் இருக்கேன் வையிறதுக்கு, நில்லு"ன்னு... என்னத்தச் சொல்றேன்னே தெரியல.

ரெண்டு ஐம்பது. அவரு என்னையப் பாத்தாரு. கோவமாப் பாப்பாரு தெனமும், இது அது இல்ல. பேசாம இருந்த நாள்ல தட்டுக்கு முன்னாடி உக்காந்து புள்ளைய மட்டும் பாப்பாரே, என் மேல கண்ணு படாம, அதுவும் இல்ல. நேரா, நிதானமா, கணக்குப் போட்டு முடிச்ச ஆளு மாதிரி. அப்பிடிப் பாத்துக்கிட்டே இடது கைய, நல்ல கைய, கம்பியில இருந்து எடுத்தாரு. வழுக்கல. சுண்டுவெரலு, மோதிரவெரலு, நடுவெரலு, ஒண்ணு ஒண்ணா எடுத்தாரு. முட்டிய அவராத்தான் மடக்குனாரு. மரம் சாஞ்ச மாதிரி இல்ல, உக்காருற மாதிரி, இதான் என் எடம்னு உக்காருற மாதிரி எறங்குனாரு, தம்பி பாஞ்சு பெல்ட்டப் பிடிச்சு அணைச்சுக்கிட்டான், ரெண்டு பேரும் மெத்தையில. செல்லு கீழ விழுந்து கெடக்கு, ஸ்டாப்வாட்சு ரெண்டு ஐம்பத்தி நாலுல ஓடிக்கிட்டு இருக்கு.

"ஒரு மூணு நிமிசம் வாய மூட முடியலையாம்மா ஒனக்கு?"

ஷெரினு அழுகுறா. "நல்லாத்தானம்மா நின்னாரு, நல்லாத்தான நின்னாரு, நீ வஞ்சதும் எப்பிடி நடுங்கிப் போனாரு பாத்தியா, அந்த மனுசன் கடைசி காலத்துலயாவது நிம்மதியா இருக்கட்டும்"னு சொல்லிக்கிட்டே போன எடுத்துட்டா, "சிஸ்டர், ஆமா சிஸ்டர், இன்னைக்கே கூட்டிட்டு வாரோம்." தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டான், "நீங்க பதட்டப்படுத்திட்டீங்கம்மா"ங்குறான், மரியாதையாத்தான் சொல்றான். நான், "கைய எடுத்தாருடா தம்பி, அவராத்தான் எடுத்தாரு, நீ பாக்கலையா?"ங்குறேன். "இல்லம்மா, வழுக்கிருச்சு, அந்தக் கையிலயும் பலம் கொறைஞ்சு போச்சு, பாவம்"ங்குறான். இருக்குமா? கொறைஞ்சிருக்குமா? அஞ்சு தடவ விழுந்தாரே, அஞ்சு தடவையும் நான் காலத்தான பாத்தேன், கையப் பாத்தேனா, அப்பவும் அவராத்தான் விட்டாரா... அன்பாப் பேசி நான் விழ வச்சேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். வாய் இன்னும் முணுமுணுன்னு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு எனக்கு, ஒதடு நிக்க மாட்டேங்குது, அவரு தம்பி தோள்ல மொகத்த வச்சுக் கெடக்காரு, கோணுன வாயி, அது சிரிப்பான்னும் தெரியாது அழுகையான்னும் தெரியாது, இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அந்த இடது கை மட்டும் தம்பி முதுகுல தெரியுது. சட்டைய நாலு வெரலாலயும் கொத்தாப் பிடிச்சிருக்கு, பிடிச்ச பிடியில தம்பிக்கு எந்திரிக்க முடியல, "சார், விடுங்க சார், விடுங்க சார்"ங்குறான், துணி தையல் பிரியுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.